உருகிய நூல்

கோத்தகிரியிலிருந்து வந்த பார்சலைப் பிரித்ததும் பொன்செல்விக்கு முதலில் வந்தது கோபமில்லை, குழப்பம்தான். உள்ளே இருந்த சாம்பல் நிற ஸ்வெட்டரின் கழுத்தில் அவளுடைய லேபிள் தைத்திருந்தது. வெள்ளைத் துணியில் பச்சை எழுத்தில் ‘அளவு’. அந்த எழுத்தை அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் உட்கார்ந்து வரைந்தாள். ‘வு’வின் வால் மட்டும் அவிழ்ந்த நூல் மாதிரி நீண்டு சுருண்டிருக்கும். லேபிள் அவளுடையது. ஸ்வெட்டர் அவளுடையதில்லை.

கூடவே ஒரு கடிதம். எழுதியவள் ஸ்ரீதேவி. அவளைப் பொன்செல்விக்கு நன்றாகவே தெரியும். போன வருஷம் தன் அப்பாவுக்காக ஒரு ஸ்வெட்டர் கேட்டு வாங்கியவள். அவருக்குத் தோல் முழுக்கச் செதில் செதிலாக உரிகிற வியாதி. கம்பளியும் ஆகாது, நைலானும் ஆகாது. அதற்கென்று சாயம் ஏறாத பருத்தி நூல் எடுத்து, அக்குளிலும் கழுத்திலும் தையல் உரசாதபடி பொன்செல்வி தன் கையாலேயே பின்னி அனுப்பினாள்.

“ஆன்லைனில் உங்கள் பெயரைப் பார்த்து, உங்களை நம்பித்தான் இரண்டாவதும் வாங்கினேன்,” என்று ஸ்ரீதேவி எழுதியிருந்தாள். “நாலே நாளில் வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இரண்டு நாள்தான் போட்டார். கழுத்து புண்ணாகி ரத்தம் கசிகிறது. பருத்தி என்று சொல்லி எதைக் கொடுத்தீர்கள்? எனக்குப் பணம் வேண்டாம். பதில் வேண்டும்.”

பொன்செல்வி ஸ்வெட்டரை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள். ஓரமெல்லாம், வெட்டிய துணி பிரியாமலிருக்கப் போடுகிற ஓவர்லாக் தையல் அடித்திருந்தது. கை நுனியில் தையலை அவிழ்த்து ஒரு நூலைப் பிடித்து இழுத்தாள். பின்னியதாக இருந்தால் வரிசை வரிசையாக ஒரே நூலாய் ஓடி வந்திருக்கும். இது ஒரு சாண் வந்து அறுந்தது. அடுத்ததும் ஒரு சாண். பெரிய மெஷினில் யார் அளவும் பார்க்காமல் ஓட்டிய துணியைக் கத்தரியால் வெட்டி மூட்டியிருக்கிறார்கள். அறுந்த துண்டை அடுப்படிக்கு எடுத்துப்போய்த் தீக்குச்சி கிழித்துக் காட்டினாள். பருத்தி நூல் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். இது சுருங்கி உருகி, கறுப்பு மிளகு போல ஒரு கெட்டி உருண்டையாகி, குச்சியிலேயே ஒட்டிக்கொண்டது. நாற்றம் மூக்கில் ஏறியது. அப்போதுதான் கோபம் வந்தது. வந்தது, அதன் பிறகு போகவில்லை.

பொன்செல்வி திருப்பூரில் பதினோரு வருஷம் பனியன் கம்பெனிகளில் இருந்தவள். செக்கிங் டேபிளில் நுழைந்து சாம்பிள் செக்‌ஷன் வரைக்கும் போனாள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள் என்பதால், சம்பாதித்ததில் அம்மா வடிவம்மாளுக்கும் தனக்கும் போகக் கொஞ்சம் மிஞ்சியது. அங்கே அவளுக்குப் பிடிக்காமல் போனது வேலையில்லை, வீணடிப்பு. வெளிநாட்டுக்காரன் ஆர்டரை ரத்து செய்தால் தைத்து முடித்த உருப்படிகள் அறை நிறையக் கிடந்து பூஞ்சை பிடிக்கும். நல்ல துணி துண்டு துண்டாக மூட்டையில் போகும். எவன் உடம்புக்கு என்று தெரியாமலேயே ஆயிரமாயிரமாகத் தைத்துக் குவிப்பார்கள்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் சொந்த ஊரான மேலகரத்துக்குத் திரும்பி வந்து ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்தாள். கோயம்புத்தூரில் மூடிப்போன ஒரு தையல் பள்ளிக்கூடத்திலிருந்து கையால் ஓட்டுகிற பின்னல் மெஷின் இரண்டு வாங்கிப் போட்டாள். கரண்ட் வேண்டாம். மெஷின் மேல் ஓடுகிற வண்டியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுத்தால் ஒரு வரிசை விழும். ஆர்டர் வந்த பிறகுதான் நூலைத் தொடுவாள். யார் போடப்போகிறார்களோ அவர்களின் தோள், மார்பு, கை நீளம் எல்லாம் நோட்டில் ஒரு பக்கமாக ஏறும். உடம்பு போகிற போக்கில் கண்ணியை, அதாவது நூல் வளையத்தை, கூட்டியும் குறைத்தும் பின்னுவதால் கத்தரிக்கு வேலையே இல்லை. குழந்தை வளர்ந்துவிட்டால் பிரித்து, நூல் சேர்த்து, பெரிதாகப் பின்னிக் கொடுப்பாள். கிழிந்தால் எத்தனை வருஷம் கழித்தும் அனுப்பலாம். மாதத்துக்கு இருபது உருப்படி, தலைகீழாக நின்றாலும் இருபத்திரண்டு. அவ்வளவுதான் முடியும், அவ்வளவு போதும் என்பதால்தான் ‘அளவு’ என்று பெயர் வைத்தாள்.

இரண்டாவது மெஷினில் ஆனந்தவள்ளி. அவளும் மேலகரம்தான், பொன்செல்வியைவிட எட்டு வயது இளையவள். புருஷன் சுந்தரபாண்டி ராணுவத்தில் ஹவில்தார், ஜம்மு பக்கம் இருக்கிறான். வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச மாட்டாள். ஆனால் கண்ணி எண்ணுவதில் அவளைப் போல ஆள் கிடையாது. ஊர்க்கதை ஒரு காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே இருநூற்றுப் பதினாறு என்று சரியாக நிறுத்துவாள்.

அன்றைக்கும் அவள் பக்கத்தில்தான் இருந்தாள். “என்னக்கா, தீஞ்ச நாத்தம் வருது?” என்று கேட்டாள். நம் பெயரைப் போட்டு எவனோ குப்பையை விற்றிருக்கிறான் என்று பொன்செல்வி சொன்னாள். சொல்லிக்கொண்டே பார்சலுக்குள் கையை விட்டவளின் விரலில் ஒரு அட்டை தட்டுப்பட்டது. ஸ்வெட்டரோடு கட்டித் தொங்கவிட்டிருந்த வழுவழுப்பான அட்டை, கயிறு அறுந்து கீழே கிடந்தது. அதில் ஆனந்தவள்ளியின் முகம்.

அந்தப் படத்தை எடுத்தது பொன்செல்விதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு காலை வெயிலில், மெஷினுக்கு முன்னால் தலைகுனிந்து கண்ணி எண்ணிக்கொண்டிருந்தவளைப் போனில் எடுத்தாள். படத்துக்குக் கீழே இங்கிலீஷில் நாலு வரி. படித்து முடித்ததும் பொன்செல்வி ஆனந்தவள்ளி பக்கம் பார்க்கவில்லை. அட்டையை மடக்கி நோட்டுக்குள் சொருகினாள். பின்பக்கம் இருந்த போன் நம்பரை அவள் தேட வேண்டியதில்லை. அது அவள் பெரியப்பா மகன் ஞானதுரையின் நம்பர்.

ஞானதுரைக்கு இலஞ்சியில் வீடு, குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் காட்டேஜ்கள். சீசனில் அறை கிடைக்காமல் அமைச்சர் வீட்டு ஆளே அவனிடம் சிபாரிசுக்கு வருவான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான். பொன்செல்வி தொழில் தொடங்கியபோது உறவில் உதவி என்று வந்தவனும் அவன் ஒருவன்தான். ஆடிட்டரைத் தெரியும், பேப்பரெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வேலையைப் பார் என்றான். நீட்டிய இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். வெப்சைட் போடலாம், நல்ல படமாக நாலு அனுப்பு என்றான். அனுப்பினாள். வெப்சைட் வரவில்லை, அவளும் மறந்துபோனாள். போன மாசி மாதம் வந்து, பெங்களூரில் ஒரு கம்பெனி ஊழியர்களுக்குப் பரிசு கொடுக்க அறுநூறு உருப்படி கேட்கிறது, இரண்டு மாதத்தில் வேண்டும் என்றான். முடியாது என்று சொல்லி அனுப்பினாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்புக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது.

மறுநாள் காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். ஆனி கடைசி, சாரல் முகத்தில் ஊசி ஊசியாக அடித்தது. சாலை பூராவும் வெளியூர் வேன்கள். எண்ணெய் தேய்த்த உடம்போடு ஆட்கள் அருவிக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

காட்டேஜ் வளாகத்துக்குள் வரவேற்பறையை ஒட்டிப் புதிதாக ஒரு கடை முளைத்திருந்தது. உள்ளூர்க்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்காத இடம். கண்ணாடிக் கதவுக்கு மேலே ‘அளவு’. அவள் வரைந்த அதே எழுத்து, ஆள் படுக்கிற நீளத்துக்கு. உள்ளே அலமாரி நிறைய ஸ்வெட்டர், சிறிசு நடுத்தரம் பெரிசு என்று அடுக்கி வைத்திருந்தது. சுவரில் ஆனந்தவள்ளி, ஆளுயரத்துக்கு, தலைகுனிந்து.

“வருவன்னு தெரியும். உக்காரு, சாயா சொல்லுதேன்,” என்றான் ஞானதுரை.

அவள் உட்காரவில்லை. ஸ்வெட்டரை அவன் மேஜையில் போட்டாள். “இது என் லேபிள்ண்ணே.”

“எழுத்து நீ போட்டது. நா இல்லங்கல. பேரு எம் பேருலதான் இருக்கு.” மேஜை டிராயரிலிருந்து ஒரு பேப்பரை எடுத்துக் காட்டினான். வணிகப் பெயர் பதிவுச் சான்று. உரிமையாளர் என்ற இடத்தில் அவன் பெயர். கூடவே, எனக்கு ஆட்சேபமில்லை என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு கடிதத்தின் நகல். அவள் கையெழுத்துதான். நீட்டிய இடத்தில் போட்டது.

“நா உனக்கு என்ன கெடுதல் பண்ணிட்டேன்? நீ மாசத்துக்கு இருவது பண்ணிக்கிட்டு மேலகரத்துக்குள்ளயே கெடப்ப. இன்னைக்கு உன் எழுத்து பெங்களூரு வரைக்கும் போயிருக்கு. சந்தோசம்லா படணும்.”

“கோத்தகிரியில ஒரு வயசானவரு கழுத்து புண்ணாகிக் கெடக்கு. பருத்தின்னு எழுதி பிளாஸ்டிக்க வித்திருக்கிய.”

மில்காரன் ஏமாற்றிவிட்டான், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றான் ஞானதுரை. அதைச் சொல்லும்போது போனில் வந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

பொன்செல்வி அட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். “வள்ளி புருஷன் செத்துட்டான்னு இதுல போட்டிருக்கே. அது எந்த மில்காரன் எழுதினது?”

இப்போதுதான் நிமிர்ந்தான். “அது விளம்பரக்காரன் எழுதினது செல்வி. மனசத் தொடுத மாதிரி ஒரு கதை இருந்தாத்தான் வாங்குதான். அந்தப் பிள்ளைக்கு இங்கிலீசா தெரியும்? அவ எங்க பாக்கப் போறா?”

பொன்செல்விக்குத் திரும்பி வந்த வழியே நினைவில்லை. மேலகரம் திருப்பத்தில் ஒரு வேன்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். திட்ட வேண்டியதெல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாக வாய்க்கு வந்தது. அவன் முன்னால் நிற்கும்போது ஒன்றும் வரவில்லை என்பதே பெரிய ஆத்திரமாக இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் ஓடாத இடமில்லை. தென்காசியில் ஒரு வக்கீலைப் பார்த்தாள். அவர் பேப்பரையெல்லாம் நிதானமாகப் படித்துவிட்டு, கேஸ் போடலாம், வருஷக்கணக்கில் இழுக்கும், அதுவரை அந்தப் பெயரை அவன் விற்பான், நீங்கள் அந்தப் பெயரில் விற்றால் உங்கள் மேல் அவன் கேஸ் போடலாம் என்றார். ஸ்டேஷனுக்குப் போனாள். இது அண்ணன் தங்கை சமாசாரம், சிவில், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா. ஞானதுரை முந்திக்கொண்டு வடிவம்மாளுக்குப் போன் போட்டிருந்தான். உன் அப்பா சாவில் முன்னால் நின்று எல்லாம் செய்தவன் அவன், பேர்தானே போனது, வேறு பேர் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று அம்மா கேட்டாள். பொன்செல்வி சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தாள்.

ஸ்ரீதேவிக்கு மட்டும் போனில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஸ்ரீதேவி கடைசி வரை கேட்டாள். பிறகு, “நீங்கள் செய்யவில்லை என்பது புரிகிறது. ஆனால் அப்பா நான் எதை நீட்டினாலும் இப்போது பயப்படுகிறார்,” என்றாள்.

இந்த மூன்று நாளும் ஆனந்தவள்ளி வழக்கம் போல வந்து பின்னிவிட்டுப் போனாள். பொன்செல்வி அவளிடம் அட்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை. முதலில் ஞானதுரையை ஒரு வழி பண்ணிவிட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவளுக்கு வலிக்கக் கூடாது என்றுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாலாம் நாள் மத்தியானம் அந்தப் பொய்யைத் தாங்க முடியாமல் நோட்டிலிருந்து அட்டையை எடுத்து ஆனந்தவள்ளியின் மடியில் வைத்தாள்.

ஆனந்தவள்ளி படத்தைப் பார்த்தாள். “இது நான்லா,” என்றாள். ஒரு நொடி முகத்தில் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்ததைப் பொன்செல்வி பார்த்தாள். அதைப் பார்த்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“கீழ என்ன எழுதியிருக்குக்கா?”

பொன்செல்வி வாசித்தாள். முதல் தடவை தமிழாக்கி வேகமாக வாசித்தாள். ஆனந்தவள்ளி நிதானமாக வாசிக்கச் சொன்னாள். மறுபடியும் வாசித்தாள். “கணவனை இழந்த ஆனந்தா, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தன் பிள்ளைகளின் பசியாற்ற இந்த ஸ்வெட்டரைப் பின்னினாள். நீங்கள் வாங்கும் ஒவ்வொன்றும் ஒரு விதவையின் அடுப்பை எரிய வைக்கிறது.”

ஆனந்தவள்ளி கழுத்துச் சரட்டைக் கையில் பிடித்துக்கொண்டாள். போன மாதம் அவள் புருஷன் இருக்கிற பக்கத்தில் குண்டு விழுந்த செய்தி டிவியில் ஓடியபோது, இரண்டு நாள் போன் வராமல் அவள் இதே மெஷினில் உட்கார்ந்து கண்ணி எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு நாளும் அவள் எண்ணிக்கை தப்பவில்லை. இப்போது மெஷினில் பாதியில் நின்ற வரிசையைப் பார்த்து, “எத்தனைல நிறுத்தினேன்னு தெரியலக்கா,” என்றாள்.

பொன்செல்வி பேசத் தொடங்கினாள். ஞானதுரை செய்ததை, வக்கீல் சொன்னதை, ஸ்டேஷனில் அனுப்பிவிட்டதை, அவனை விடப்போவதில்லை என்பதை எல்லாம் கொட்டினாள். ஆனந்தவள்ளி இடையில் புகாமல் கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இந்தப் படத்த அவருக்கு யாரு குடுத்தா?”

“நாந்தான் அனுப்புனேன். வெப்சைட்டுக்குன்னு.”

“எங்கிட்ட நீங்களும் கேக்கலயேக்கா.”

அவள் அதைக் குரலை உயர்த்திச் சொல்லவில்லை. வைத்திருந்த தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள், செருப்பை மாட்டிக்கொண்டாள், போனாள். பொன்செல்விக்கு மூன்று நாளாகச் சேர்த்து வைத்த கோபம் அத்தனையும் ஒரு திசை பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அது திரும்பி அவள் மேலேயே வந்து விழுந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது அவள். கேட்காமல் படம் எடுத்ததும் அவள், கேட்காமல் அனுப்பியதும் அவள். என் பேர் போச்சு, என் எழுத்து போச்சு என்றுதான் வக்கீலிடமும் ஸ்டேஷனிலும் கத்தினாள். ஆனந்தவள்ளியின் முகத்தைப் பற்றி ஓரிடத்திலும் முதலில் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் ஆனந்தவள்ளி வாசலில் வந்து நின்றாள். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, நெற்றியில் பெரிய குங்குமம் வைத்திருந்தாள். ஒரு கல்யாணத்துக்குக்கூட அவள் இப்படிப் போய்ப் பொன்செல்வி பார்த்ததில்லை.

“வண்டிய எடுங்க. அந்தக் கடைக்குப் போவணும். நீங்க சண்டை ஒண்ணும் போட வேண்டாம். அதுல எழுதியிருக்கத தமிழ்ல சத்தமா வாசிச்சாப் போதும்.”

போகிற வழியெல்லாம் சாரல். ஆனந்தவள்ளி பின்னால் உட்கார்ந்து முந்தானையால் நெற்றியை மறைத்துக்கொண்டாள், குங்குமம் கரையாமல் இருக்க.

சனிக்கிழமை சீசன் கூட்டத்தில் கடை நிறைந்திருந்தது. அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவர்கள் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனந்தவள்ளி நேரே போய்ச் சுவரில் இருந்த தன் படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு மதுரைப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா படத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இது நீங்களா என்று கேட்டாள். அந்தக் குரலில் பரிதாபம் இருந்தது. அட்டையை ஏற்கனவே படித்திருக்கிறாள். கண் உடனே ஆனந்தவள்ளியின் நெற்றிக்கும் கழுத்துக்கும் போய்க் குழம்பியது.

“நாந்தாம்மா,” என்றாள் ஆனந்தவள்ளி. பிறகு பொன்செல்வியைப் பார்த்தாள்.

பொன்செல்வி வாசித்தாள். கடை முழுக்கக் கேட்கும்படி, ஒரு வார்த்தையும் தன்னுடையது சேர்க்காமல் வாசித்தாள். ‘கணவனை இழந்த’ என்ற இடத்தில் நிறுத்தி ஆனந்தவள்ளியைப் பார்த்தாள். மறுபடியும் வாசித்தாள். கடைப் பையன்கள் எதைச் செய்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

வாசித்து முடித்ததும் ஆனந்தவள்ளி, “எம் புருஷன் உசிரோட இருக்காவ. ராணுவத்துல இருக்காவ. என் பிள்ளைய யாரும் பசியில கெடக்கல. இதுல ஒண்ணு கூட நா பின்னல,” என்றாள். சொல்லிவிட்டு அதே இடத்தில் நின்றாள். புதிதாக ஒருவர் உள்ளே வரும்போதெல்லாம் பொன்செல்வி வாசித்தாள், ஆனந்தவள்ளி அதே நாலு வரியைச் சொன்னாள். கத்தவில்லை, அழவில்லை. கண்ணி எண்ணுகிற மாதிரியே, ஒன்று விடாமல் சொன்னாள்.

கையில் ஸ்வெட்டரோடு நின்ற ஒருவர், அப்போ இது பருத்தியும் இல்லையா என்று கேட்டார். அதற்கு மட்டும் பொன்செல்வி வாசலுக்கு வந்து, அந்த ஸ்வெட்டரின் ஓரத்தில் ஒரு நூலை உருவி, கடைக்காரப் பையனிடமே தீப்பெட்டி வாங்கிக் கொளுத்திக் காட்டினாள். பையில் கொண்டுவந்திருந்த தன் பருத்தி நூல் ஒன்றையும் கொளுத்தினாள். ஒன்று சாம்பலாகக் காற்றில் போனது. இன்னொன்று உருகிச் சொட்டியது. அவர் பில்லை மேஜையில் வைத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள்.

ஞானதுரை வேகமாக வந்தான். உறவுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதைச் சந்தையில் போட்டு உடைக்கிறாளே என்று பொன்செல்வியைத்தான் திட்டினான். ஆனந்தவள்ளி பக்கம் அவன் திரும்பவே இல்லை. பொன்செல்விக்கு வாய் துறுதுறுத்தது. சண்டை வேண்டாம் என்று ஆனந்தவள்ளி சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவனே போலீசுக்குப் போன் செய்தான்.

வந்தது ஷெர்லின் என்ற பெண் எஸ்.ஐ. கடையில் தகராறு செய்கிறார்கள் என்று ஞானதுரை பதிவுச் சான்றை நீட்டினான். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பெயர் உங்களுடையதுதான் சார் என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு ஆனந்தவள்ளியிடம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

“பேரப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. இது எம் மூஞ்சி. இதப் போட நா சம்மதிக்கல. எம் புருஷன சாகடிச்சு எழுதியிருக்காவ. அதுக்குக் கேஸ் எழுதுங்க.”

எஸ்.ஐ. அட்டையை வாங்கி இரண்டு தடவை படித்தார். உங்கள் கணவர் எங்கே என்று கேட்டார். ஆனந்தவள்ளி போனில் கூப்பிட்டாள். சிக்னல் அறுந்து அறுந்து, கடைசியில் சுந்தரபாண்டி திரையில் வந்தான். சீருடையில், பின்னால் ஏதோ தகரக் கொட்டகை. இவ்வளவு கூட்டத்தையும் போலீசையும் பார்த்து, வீட்டில் யாருக்கு என்ன ஆனது என்று பதறினான். ஒருவருக்கும் ஒன்றுமில்லை, நீங்கள் இருக்கிறீர்களா என்று இங்கே கேட்கிறார்கள் என்று ஆனந்தவள்ளி சொன்னாள். சொல்லி முடிக்கும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

எஸ்.ஐ. கடையிலேயே உட்கார்ந்து புகாரை எழுதி வாங்கினார். படத்தை இப்போதே இறக்குங்கள் என்றார். ஞானதுரை, ஆள் வரட்டும், நாளைக்கு இறக்கலாம் என்று இழுத்தான். “ஏணி எங்கன இருக்கு?” என்று அவர் கேட்டார். பையன்கள் ஏணியோடு வந்தார்கள். படம் பிளாஸ்டிக் தாளில் ஒட்டியது. உரிக்கும்போது முகத்தின் நடுவில் கிழிந்தது. இரண்டு பாதியையும் ஆனந்தவள்ளி வாங்கிச் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் நடந்தவற்றில் பெரிய நியாயம் ஒன்றும் இல்லை. வழக்கு பதிவானது, வாய்தா நடக்கிறது. ஞானதுரை வடிவம்மாள் மூலமாகவும் கோயில் போதகரான சபை ஐயர் மூலமாகவும் சமாதானம் பேசிப் பார்த்தான். ஆனந்தவள்ளி வீட்டுக்கே ஆள் அனுப்பினான். அவள் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டாள். அட்டைகளை அச்சடிப்பதை நிறுத்திவிட்டான். ஆனால் ‘அளவு’ அவனிடம்தான் இருக்கிறது. கடைச் சுவரில் இப்போது ஆனந்தவள்ளி இருந்த இடத்தில் அருவிப் படம். அருவி கேஸ் போடாது.

பொன்செல்வி நோட்டில் அளவு ஏறியிருந்த ஒவ்வொருவருக்கும் தன் கையால் கடிதம் எழுதினாள். நடந்தது இது, பெயர் இனி என்னுடையதில்லை, என் தவறு இதில் இன்னது, உங்களிடம் இருப்பது நாங்கள் பின்னியதுதானா என்று தெரிய வேண்டுமானால் ஒரு நூலை இழுத்துப் பாருங்கள் என்று எழுதினாள். மிச்சமிருந்த லேபிள்களை அடுப்பில் போட்டாள். பதில் எழுதியவர்கள் பாதிக்கும் கீழே. ஸ்ரீதேவி எழுதவில்லை.

ஆனந்தவள்ளி மூன்று வாரம் வரவில்லை. பொன்செல்வி போய்க் கூப்பிடவில்லை, கூப்பிட முகமில்லை. ஆடி கடைசியில் ஒரு திங்கட்கிழமை தூக்குவாளியோடு வந்து, மெஷினில் பாதியில் நின்ற வரிசையைப் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, மறந்தேன் என்றும் இல்லை. மத்தியானம் சாப்பிடும்போது, இனிமேல் எந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டாலும் தன்னிடமும் வாசித்துக் காட்டிவிட்டுப் போட வேண்டும், தொழிலில் தனக்கும் ஒரு பங்கு எழுத வேண்டும் என்றாள். பொன்செல்வி சரி என்றாள். எதற்கு என்று கேட்கிற தகுதி தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது மாதம் பன்னிரண்டு உருப்படிதான் போகிறது. கழுத்தில் எதுவும் தைப்பதில்லை. என்ன பெயர் வைக்கலாம் என்று வாங்குகிறவர்கள் யோசனை சொல்கிறார்கள், அவள் கேட்டுக்கொள்வதோடு சரி. செங்கோட்டைக்கு நூல் கொண்டு வருகிற லாரி சில நாள் ஐந்தருவிச் சாலைப் பக்கம் நிற்கும். நூல் எடுக்க அங்கே போக வேண்டியிருந்தால் அந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவுக்கு மேலே அவள் எழுத்து, ‘வு’வின் வால் சுருண்டபடி. காலம் போனால் ஆறிவிடும் என்று வடிவம்மாள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பொன்செல்விக்கு ஆறவில்லை. அங்கே வண்டியை மெதுவாக்காமல், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், பார்த்துக்கொண்டேதான் போகிறாள்.